வீட்டை விட்டு வந்தாகிவிட்டது, அவர் விடவில்லை

கேள்வி:

கணவரைப் பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. விவாகரத்து வழக்கு நடக்கிறது. 7 வயது மகன் என்னுடன் இருக்கிறான். சனி, ஞாயிறுகளில் அப்பாவிடம் போய் வருகிறான். பிரிந்துவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தேன். இப்போது ஒரு நாளைக்கு 30, 40 குறுஞ்செய்திகள் வருகின்றன. பையனை மாலை 6 மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும். எட்டாகும், ஒன்பதாகும், போனை எடுக்க மாட்டார். ஜீவனாம்சம் நான் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வரும். மனு மேல் மனு போடுகிறார். விடுப்பு எடுத்து எடுத்து அலுவலகத்தில் என் பெயர் கெட்டுவிட்டது. பிரிவதற்கு முன்பு ஒரு முறை கழுத்தைப் பிடித்து அழுத்தினார், மற்றபடி பெரிதாக அடித்தது கிடையாது. வெளியில் எல்லோரிடமும் அத்தனை தன்மையாகப் பேசுகிறார். "குழந்தைக்காகக் கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். போன வாரம் பையன் வந்ததும் வராததுமாக, "அம்மா, நீ பைத்தியமா? உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் குளியலறைக்குப் போய் அழுதேன். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? எல்லாவற்றையும் விளக்கி அவருக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதிப் பார்க்கட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. ஒன்றை மிகவும் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைப் பேசுகிறேன்.

"கழுத்தைப் பிடித்து அழுத்தினார், மற்றபடி பெரிதாக அடித்தது கிடையாது." உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி இதுதான். குறுஞ்செய்திகளுக்கும் மனுக்களுக்கும் நடுவில் ஒரு பேச்சுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னிடம் வரும் பெண்களில் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அறை விழுந்தால் கன்னம் வீங்கும், அது கணக்கில் சேரும். கழுத்தில் கை வைத்தால் பல நேரம் தடமே இருக்காது, அதனால் கணக்கிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 300 வழக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதிப் பெண்களின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் கழுத்தின் இரத்தக் குழாய்கள் அழுத்தப்பட்டால் 10 விநாடி அளவிலேயே நினைவு தப்பிவிடலாம். இன்னும் முக்கியமான ஒன்று: துணைவர் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவர் கையால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு அதிகம் என்று 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. செவிலியர் துறைப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பெல் 1980களில் உருவாக்கிய, இன்று பல நாடுகளில் பயன்படும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்திலும் கழுத்து நெரிப்புக்குத் தனிக் கேள்வி உண்டு. அண்மையில் பிரிந்திருப்பதற்கும் அதில் கேள்வி உண்டு.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்பதுதான் என் கவலை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லுங்கள். என்றைக்கு நடந்தது, எந்த அறையில், ஒரு கையா இரண்டு கையா, மூச்சு முட்டியதா, கண் இருட்டியதா, பிறகு குரல் கம்மியதா, விழுங்க வலித்ததா, அப்போது அவர் வாயிலிருந்து என்ன வந்தது, பையன் எங்கே இருந்தான் என்பதையெல்லாம் நினைவிருக்கிறபடி எழுதிக் கொடுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள், நாளாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். அதற்குப் பிறகு தலைவலி, மறதி, குரல் மாற்றம் ஏதாவது தொடர்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். அது மருத்துவக் குறிப்பிலும் ஏற வேண்டும்.

சரி, பிரிந்தால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிரிந்த பிறகும் ஏன் முடியவில்லை என்று பார்ப்போம்.

வன்முறை என்றால் அடி என்று நினைக்கப் பழகிவிட்டோம். அடி ஒரு கருவி மட்டும்தான், குறி வேறு. நீங்கள் எங்கே போகிறீர்கள், யாருடன் பேசுகிறீர்கள், எவ்வளவு செலவு செய்கிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்பதெல்லாம் தன் கையில் இருக்க வேண்டும் என்பதே குறி. அமெரிக்கச் சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் தன் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியதும் இதைத்தான்: ஒரு பெண்ணிடமிருந்து பறிபோவது முதன்மையாக அவளுடைய சுதந்திரம், காயம் அதன் ஒரு பகுதி. இதற்குக் கட்டாயக் கட்டுப்பாடு என்று பெயர். ஒரே வீட்டில் இருந்தவரை அதற்கு ஆயிரம் வழிகள் இருந்தன. நீங்கள் வெளியே வந்ததும் அவை அடைபட்டன. குழந்தை, பணம், போன், நீதிமன்றம் ஆகிய நான்கும் அடைபடவில்லை. இப்போது எல்லாம் அந்த வழியாக வருகிறது. பையன் திரும்பி வரும் நேரத்தை அவர் தீர்மானிக்கிறார் என்றால், உங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையையும் அவர்தான் தீர்மானிக்கிறார். பணம் வரும் நாளை அவர் முடிவு செய்தால், அந்த மாதத்தில் நீங்கள் எத்தனை நாள் நிம்மதியாக இருக்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். தாமதம், மறதி, வேலைப்பளு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அது என்ன என்று தெரியும்.

இதை இரண்டு பேருக்கும் இடையிலான சண்டை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சண்டை என்றால் இரண்டு பக்கமும் பேச்சு இருக்கும், இரண்டு பக்கமும் பயம் இருக்காது. நீங்கள் போன் ஒலித்தாலே அதிர்கிறீர்கள். அவர் அப்படி அதிர்வதில்லை.

இனி உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். நீங்கள் குளியலறைக்குப் போய் அழுதது தவறல்ல. ஆனால் அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். அவன் கேட்டது உங்கள் மனநிலையைப் பற்றி இல்லை. "உன்னை என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார்களா?" என்பதுதான் அவன் கேள்வி. அதற்குப் பதில் சொல்லுங்கள். இன்றே சொல்லலாம், தாமதமாகிவிடவில்லை. பக்கத்தில் உட்கார்த்திவைத்துக்கொண்டு, "அன்றைக்கு நீ ஒன்று கேட்டாய் இல்லையா, அம்மா அப்போது பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அம்மா எங்கேயும் போகவில்லை. நாளைக் காலையில் உன்னை எழுப்புவதும் நான்தான். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுப் பயமாக இருந்தால் என்னிடம் கேட்டுவிடு, நான் கோபப்பட மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், வேறு என்ன சொன்னார்கள் என்று தோண்டாதீர்கள். அங்கே அவனைக் கேள்வி கேட்கிறார்கள். இங்கே வந்தால் கேள்வி இல்லை என்ற நிம்மதியாவது அவனுக்குக் கிடைக்கட்டும். "அப்பா பொய் சொல்கிறார்" என்றும் சொல்ல வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் 7 வயதுக்கு அது தாங்க முடியாத சுமை.

அவன் தூங்கிய பிறகு, அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். போய்வந்த நாட்களில் மட்டும் படுக்கையை நனைக்கிறானா, வயிற்றுவலி என்கிறானா, உங்களை விட்டு நகர மறுக்கிறானா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் அடிபட்டதாகவோ, தகாத முறையில் தொடப்பட்டதாகவோ சொன்னால் மட்டும் கதை வேறு. நீங்கள் விசாரிக்காமல், அன்றே குழந்தைகள் பாதுகாப்புக்கான அதிகாரிகளிடமும் மருத்துவரிடமும் போங்கள்.

குறுஞ்செய்திகளுக்கு வருவோம். 40 செய்திகளுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குழந்தையின் உடல்நலம், பள்ளி, ஒப்படைக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கு மட்டும், ஒரே ஒரு வழியில், முடிந்தால் மின்னஞ்சலில், பதில் அனுப்புங்கள். உதாரணத்துக்கு அவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நீ எப்படிப்பட்ட தாய் என்று ஊருக்கே தெரியும். பையனுக்குக் காய்ச்சல், நீ ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறாய். மருந்து கொடுத்தாயா இல்லையா, ஒழுங்காகச் சொல்." உங்கள் மனம் உடனே நான்கு பத்தி எழுதும்: நான் அலுவலகத்தில்தான் இருந்தேன், உங்களுக்கு எப்படித் தெரியும், அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. அதை எழுதாதீர்கள். "மதியம் 2 மணிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. காய்ச்சல் குறைந்திருக்கிறது. மருத்துவரின் சீட்டை இணைத்திருக்கிறேன்." இவ்வளவு போதும். அந்த மின்னஞ்சலை நாளை ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள், ஏனென்றால் படிக்கத்தான் போகிறார். உங்கள் கணவருடைய வசவும் உங்கள் மூன்று வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகி வந்தால், எந்த வாதமும் தேவைப்படாது.

எச்சரிக்கை ஒன்று. நீங்கள் பதிலைக் குறைத்ததும் முதலில் அவர் வேகம் கூடும். செய்திகள் அதிகமாகும், உங்கள் அண்ணனுக்கு, அலுவலகத்துக்கு, பள்ளிக்கு என்று பரவும். உங்கள் முறை தவறு என்று அதற்கு அர்த்தமில்லை. பிடி நழுவுவது அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாரங்களில் கவனமாக இருங்கள். பின்தொடர்வது, கொன்றுவிடுவேன் அல்லது செத்துவிடுவேன் என்பது, "எனக்கு இல்லாத பிள்ளை உனக்கும் இல்லை" என்ற தொனியில் பேசுவது, ஆயுதம் பற்றிய பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் யோசித்துக்கொண்டிருக்காமல் காவல் துறையை அழையுங்கள். அன்றிரவு வேறு இடத்தில் தங்குங்கள். அந்த இடம் எது என்பதை இன்றைக்கே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பையனின் பிறப்புச் சான்றிதழ் உள்ளிட்ட காகிதங்களின் நகலும் அங்கே இருக்கட்டும்.

ஒப்படைக்கும் நேரத்தை உங்கள் வீட்டு வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து அவர் அழைத்துப் போகட்டும், திங்கட்கிழமை காலை பள்ளியிலேயே விடட்டும். அப்படி நீதிமன்றத்தில் கேட்க முடியும். நீங்கள் இருவரும் நேருக்கு நேர் பார்க்கவே தேவையிருக்காது. தாமதமானால் அதைக் குறிப்பது பள்ளியின் வருகைப் பதிவேடு, நீங்கள் இல்லை. ஆபத்து கூடுதலாக இருந்தால் மூன்றாம் நபர் மேற்பார்வையில்தான் சந்திப்பு நடக்க வேண்டும் என்று கேளுங்கள். பிரிந்த பெற்றோர் கூடிப் பேசிக் குழந்தையை வளர்க்க வேண்டும் என்ற அறிவுரை ஒருவரையொருவர் மதிக்கும் இருவருக்கு நல்லது. உங்களைப் போன்றவர்களுக்கு அதைச் சொல்வது, அடிபட்டவரை மறுபடியும் அடிபடும் இடத்துக்கே அனுப்புவது. ஆலோசகர்களிலேயே சிலர் இதைச் செய்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. சமரச மையத்தில் ஒரே அறையில் உட்கார வைத்தால், "பயம் இருக்கிறது, தனி அறை வேண்டும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். உடனடி ஆபத்து இல்லாதபோது நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அவர் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆணையை மாற்றச் சொல்லி மனுப் போடுங்கள், குறிப்பேட்டோடு போங்கள்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றி: ஒரு நோட்டு, ஒரே வடிவம். தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், யார் பார்த்தார்கள், பணம் வர வேண்டிய நாள், வந்த நாள். உணர்ச்சி எதுவும் வேண்டாம். "ஞாயிறு, 6:00, வந்தது 8:50, பக்கத்து வீட்டார் பார்த்தார்" என்று மாதக்கணக்கில் நீளும் ஒரு பட்டியல், "எப்போதும் தாமதமாக வருகிறார்" என்ற வாக்குமூலத்தை விடப் பேசும்.

நீங்கள் பையனின் மனத்தைக் கெடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு விரைவில் வரும். தயாராக இருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் பெற்றோர் அந்நியமாக்கல் நோய்க்குறி என்று ஒன்றைச் சொன்னார், அதாவது பெற்றோரில் ஒருவர் குழந்தையின் மனத்தை மற்றவருக்கு எதிராகத் திருப்பிவிடுவது. மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேடு அதை நோயாக ஏற்கவில்லை. ஆனாலும் பல நாட்டு நீதிமன்றங்களில், வன்முறையைச் சொல்லும் தாயின் வாயை அடைக்க அது பயன்படுகிறது. ஐ.நா.வின் பெண்கள் மீதான வன்முறை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023இல் மனித உரிமைகள் மன்றத்தில் வைத்த அறிக்கை இதைத்தான் கண்டித்தது. பையனிடம் தந்தையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லாமல் இருப்பது அவன் நலனுக்காக, வழக்குக்கும் அதுதான் பலம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, பாதுகாப்புக்கு அதுவே நல்லது. எங்கே இருந்தாலும், பிரிந்துவிட்டீர்கள் என்பதால் சட்டத்தின் பாதுகாப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தாலே பொருந்தும். பணத்தை நிறுத்தி வைப்பதும் அதில் வன்முறைதான். பிரிவு 23இன் கீழ் இடைக்கால ஆணை கேட்கலாம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டமும், மலேசியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரின் மகளிர் சாசனமும் முன்னாள் துணைவரை உள்ளடக்கியவை. ஸ்காட்லாந்தில் 2019 ஏப்ரல் முதல் முன்னாள் துணைவரின் கட்டுப்படுத்தும் நடத்தையே குற்றம், குழந்தையை அதற்குப் பயன்படுத்தினால் குற்றம் கூடுதல் கடுமையாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதே கட்டுப்படுத்தும் நடத்தைக்காக 2015இல் வந்த குற்றப்பிரிவு, 2023 ஏப்ரல் 5 முதல் பிரிந்து வாழ்பவர்களுக்கும் நீண்டது. அங்கே ஓயாமல் மனுப் போடுபவரை, நீதிமன்ற அனுமதி இல்லாமல் இனி மனுப் போடக் கூடாது என்று தடுக்கவும் வழி உண்டு. கனடாவின் விவாகரத்துச் சட்டம் 2021 மார்ச் முதல், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது குடும்ப வன்முறையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்கிறது. மனு மேல் மனு வருவதையே ஒரு துன்புறுத்தலாக நீதிமன்றத்தின் முன் வையுங்கள். எத்தனை மனு, எத்தனை வாய்தா, எத்தனை நாள் சம்பள இழப்பு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வழக்கறிஞரைக் கேளுங்கள்.

போன் விஷயம் சுருக்கமாக. நீங்கள் போகும் இடம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது என்று சந்தேகம் வந்தால், முதலில் பையனின் டேப்லெட்டையும் அவர் வாங்கிக் கொடுத்த பொருட்களையும் பாருங்கள். உங்கள் மின்னஞ்சலை மீட்கும் எண்ணாக இன்னும் அவர் எண்ணே இருக்கலாம். பையில் வைத்துவிடும் சிறு கண்காணிப்புக் கருவிகளில் சில வகைகள் உங்களுடன் நகர்ந்தால், புதிய ஐபோன்களும் ஆண்ட்ராய்டு போன்களும் எச்சரிக்கும். கிடைத்தால் உடனே தூக்கி எறியாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு காவல் துறையிடம் கொடுங்கள். கடவுச்சொல் மாற்றுவதைக் கூட, அவர் பார்க்க முடியாத வேறொரு போனிலிருந்து செய்யுங்கள்.

உங்கள் வீட்டாரிடம் வாதாடிச் சோர்ந்துபோக வேண்டாம். வெளியில் தன்மையாகப் பேசுபவரை அவர்கள் நம்புவது இயல்பு. அந்தத் தன்மையும் அவர்களுக்காகத்தான். புரியவைப்பதை விட்டுவிட்டு உதவி கேளுங்கள்: "ஞாயிறு மாலை என்னுடன் இருங்கள். அவர் உங்களுக்குப் போன் செய்தால் என்னைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்." இரண்டு ஞாயிறு கூட உட்கார்ந்து, 9 மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அனுசரித்துப் போ என்று சொன்ன வாய் தானாக அடங்கும்.

கடைசியாக, அந்தக் கடிதம். எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். நீங்கள் எப்படி வேதனைப்படுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாததால் இதெல்லாம் நடக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று விளக்கினால், அடுத்த முறை எங்கே தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன் நகல் அடுத்த மனுவில் இணைப்பாகவும் வரும், "பாருங்கள், இவருடைய மனநிலையை" என்று. எழுதிய தாளைப் பெண்களுக்கான உதவி மையத்தில் உங்களுக்கென்று ஒதுக்கப்படும் ஆலோசகரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அங்கே நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் உள்ள மையத்தின் எண்ணைத் தோழி ஒருவரின் போனில் தேடி, வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பையன் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து முதல் சந்திப்பைக் கேளுங்கள்.